சென்னையின் ஆறு பருவங்களை ஒரே இடத்தில் நின்று படமெடுப்பது எப்படி

வெயில், கடும் வெயில், மழை ஆகிய மூன்றைத் தவிர சென்னைக்கு வேறு பருவமே கிடையாது என்று சொல்வது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. கேமரா வாங்கிய புதிதில் நானும் அதை நம்பினேன். இயற்கையைப் படமெடுக்க வேண்டுமானால் உதகைக்கோ வால்பாறைக்கோதான் போக வேண்டும் என்று எண்ணி, விடுமுறை கிடைக்கும்வரை கேமராவைப் பையிலேயே வைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது ஓர் இலை. தை மாதத்தின் கடைசி வாரத்தில், எங்கள் வீட்டுக்கு எதிரே நிற்கும் வாதாம் மரத்திலிருந்து உதிர்ந்து மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் கிடந்தது. நடு நரம்புக்கு ஒரு பக்கம் மாதுளை முத்தின் சிவப்பு, மறுபக்கம் மஞ்சள். விளிம்பருகே ஏதோ புழு அரித்த தடம் இருந்தது, அந்தத் தடத்தைச் சுற்றி மட்டும் விரல் நகத்தளவு பச்சை வற்றாமல் நின்றது. குளிர்நாட்டு நாட்காட்டிகளில் பார்த்து வியந்த இலையுதிர்காலம் எங்கள் வாசலிலேயே ஆண்டுக்கு இரண்டு முறை வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தார்கள்: ஆவணியும் புரட்டாசியும் கார், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த இந்தப் பகுப்பை ஒரு வேலைத்திட்டமாக எடுத்துக்கொண்டால், ஓராண்டில் ஒரே இடத்தைப் படமெடுத்து நம் ஊரின் காலத்தைக் கண்ணால் கற்றுக்கொள்ள முடியும். அதை எப்படிச் செய்வது என்பதை, செய்து பார்த்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

வீட்டிலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருக்கும் இடத்தையே தேர்ந்தெடுங்கள். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் வேடந்தாங்கலும் எவ்வளவு சிறந்த இடங்களாக இருந்தாலும், அலுவலகம் முடிந்து களைத்து வந்த ஒரு மாலையில் நீங்கள் அங்கே போகப்போவதில்லை; தெருமுனை மரத்துக்குப் போவீர்கள். மரமாக இருக்கலாம், வேளச்சேரி ஏரியின் ஒரு கரையாக இருக்கலாம், மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தின் ஒரு படிக்கட்டாக இருக்கலாம், பெசன்ட் நகர்க் கடற்கரையில் நூறடி மணலாக இருக்கலாம். நுழைவு அனுமதியும் நேரக் கட்டுப்பாடும் உள்ள வளாகங்களை இந்தப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. மழை விட்ட பத்தாம் நிமிடத்தில் போய் நிற்கும் உரிமை நமக்கு வேண்டும்.

இடம் முடிவானதும், நிற்கும் புள்ளியையும் முடிவு செய்யுங்கள். நடைபாதையின் ஒரு குறிப்பிட்ட கல், மாடிச் சுவரின் ஒரு மூலை என்று மாறாத அடையாளம் ஒன்று இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே புள்ளி, அதே உயரம், அதே ஜூம் அளவு. முதல் படத்தைச் செல்பேசியில் வைத்துக்கொண்டு, அதில் மின்கம்பமோ ஜன்னலோ சட்டகத்தின் எந்த ஓரத்தில் வருகிறதென்று பார்த்து, அதே இடத்தில் வருமாறு நிறுத்திக்கொள்ளலாம். இந்த நிலைப் படத்தை எடுத்த பிறகு, அருகில் போய் விரும்பியதையெல்லாம் எடுங்கள். ஆனால் நிலைப் படத்தை எடுக்காமல் திரும்பாதீர்கள். வாரம் ஒரு முறை போதும். விலையுயர்ந்த கேமரா தேவையில்லை, செல்பேசியே போதுமானது. கையில் நல்ல கேமரா இருந்தால் ரா கோப்பாக, அதாவது கேமரா பதிந்த விவரங்கள் குறையாத கோப்பாகச் சேமியுங்கள், வெயில் காலத்து வானத்தையும் நிழலையும் பின்னர் சரிசெய்ய அது உதவும்.

முதல் இரண்டு மாதங்கள் சலிப்பாகத்தான் இருக்கும். எல்லாப் படங்களும் ஒன்றுபோலவே தோன்றும். அந்தச் சலிப்பைத் தாண்டிய பிறகுதான் பார்வை தொடங்குகிறது என்பது என் அனுபவம். அதுவரை நாம் மரத்தைப் பார்ப்பதில்லை, நல்ல படம் கிடைக்குமா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சென்னையின் வெளிச்சம்

நம் ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 13 பாகையில் இருக்கிறது. அதனால் சூரியன் இங்கே செங்குத்தாக ஏறுகிறது, காலைப் பொன்னொளியும் அரை மணி முக்கால் மணி நேரத்திற்குள் வெளுத்துவிடுகிறது. குளிர்நாட்டார் எழுதிய புகைப்பட நூல்களை நம்பி நிதானமாகப் புறப்பட்டால், போய்ச் சேரும்போது நிழல்கள் கறுத்துக் கெட்டிப்பட்டிருக்கும். ஜூன் தொடக்கத்தில் சூரிய உதயம் ஏறத்தாழ 5.42 மணிக்கு, ஜனவரி இறுதியில் 6.35 மணிக்கு. உதயத்திற்குக் கால் மணி முன்னதாகவே உங்கள் புள்ளியில் நின்றுவிடுங்கள்.

கடற்கரையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு ஓர் அரிய வாய்ப்பு உண்டு. சூரியன் கிழக்கில் உதிக்கிறது என்று சொல்கிறோமே தவிர, நேர்கிழக்கில் அது உதிப்பது ஆண்டில் இரண்டே நாட்களில்தான். மார்கழியில் தென்கிழக்காக 24 பாகை விலகியும், ஆனியில் வடகிழக்காக 24 பாகை விலகியும் உதிக்கிறது. நேர்கிழக்கை நடுவில் வைத்து, செல்பேசியைக் கிடைமட்டமாகப் பிடித்தால், அதன் சாதாரண லென்ஸே இந்த 48 பாகை வீச்சையும் ஒரே சட்டகத்தில் அடக்கிவிடும். ஆறு மாதப் படங்களை வரிசையாகப் பார்க்கும்போது, சூரியன் சட்டகத்தின் வலக்கோடியிலிருந்து இடக்கோடிக்கு நடந்து போயிருப்பது தெரியும். உத்தராயணம் என்ற சொல்லைச் சிறுவயதிலிருந்து கேட்டுவந்த எனக்கு அதன் பொருள் அப்போதுதான் கண்ணில் பட்டது.

இன்னொன்றையும் குறித்துவையுங்கள். ஏப்ரல் 24ஆம் தேதியை ஒட்டியும் ஆகஸ்ட் 18ஆம் தேதியை ஒட்டியும் சென்னையில் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நண்பகலில் படமெடுக்கக் கூடாது என்பதே பொதுவான அறிவுரை. இந்த இரு நாட்களில் மட்டும் அதை மீறலாம். அன்று மின்கம்பத்துக்கு நிழலே இருக்காது, மரத்தின் நிழல் முழுவதும் அதன் காலடியிலேயே வட்டமாகக் கிடக்கும்.

மழைக்காலம்

கார்காலத்து மழை பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் வருகிறது. பகலெல்லாம் காய்ந்த தரையின் வெப்பத்தில் மேற்கே திரளும் இடிமேகங்கள் கடலை நோக்கி நகர்ந்து வரும். நான்கு மணிக்கு மேல் ஒரு பாட்டம் பெய்து மேற்கு வானம் திறந்துகொண்டால், உடனே கிழக்கே திரும்பிப் பாருங்கள். சூரியன் அடிவானிலிருந்து 42 பாகை உயரத்துக்குக் கீழே இருந்தால்தான் தரையில் நிற்பவருக்கு வானவில் தெரியும். மாலையில் அந்த நிபந்தனை தானாகவே நிறைவேறிவிடுகிறது. இடி கேட்கிறதென்றால் மரத்தடியிலும் திறந்த மணலிலும் நிற்க வேண்டாம். எந்தப் படமும் அதற்கு ஈடாகாது.

கூதிர் காலத்தைத்தான் நான் ஆண்டு முழுவதும் எதிர்பார்த்திருப்பேன். சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையாகப் பெய்கிறது. மழையில் நனைந்த மரப்பட்டையின் நிறத்தை ஒருமுறை கிட்டத்தில் போய்ப் பாருங்கள். கோடையில் சாம்பலாகத் தெரிந்த தூங்குமூஞ்சி மரத்தின் பட்டை இப்போது ஏறக்குறைய கறுப்பாக இருக்கும், வெடிப்புகளுக்குள் பாசி தளிர்ப்பச்சையாக எழுந்திருக்கும், ஒரு மரவட்டை அந்தப் பச்சையின் ஓரமாக ஊர்ந்துகொண்டிருக்கும். இதை எடுப்பதற்கு வெயில் தேவையே இல்லை. மூடிய வானம் நிழலில்லாத வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சமமாகத் தருகிறது. வெளுத்த வானத்தை மட்டும் சட்டகத்திற்குள் விடாதீர்கள். கேமராவைக் கீழ்நோக்கித் திருப்பினால் போதும். ஈர இலைகள் கண்ணாடிபோல் மின்னிப் பச்சையை மறைத்தால், லென்ஸின் முன் போலரைசர் ஃபில்டரை மாட்டி மெல்லத் திருப்புங்கள். மினுக்கம் விலகி, இலையின் சொந்த நிறம் மேலே வரும்.

ஐப்பசி, கார்த்திகையில் மரமல்லி பூக்கிறது. அந்தப் பூ இரவில் விரிந்து விடியலில் உதிர்கிறது, தெரு பெருக்குபவர்கள் வருவதற்கு முன் கறுத்த தார்ச்சாலை முழுவதும் வெள்ளைப் பூ கிடக்கும். அரை மணி தாமதித்தால் டயர் தடங்கள்தான் மிஞ்சும். மண்டியிட்டு, கேமராவைத் தரையோடு தரையாக வைத்து எடுங்கள். மேலிருந்து எடுத்தால் அது வெறும் குப்பைபோலத் தெரிகிறது, பூவின் மட்டத்திலிருந்து எடுத்தால்தான் அந்தத் தெரு முழுவதும் பூவாகிறது.

இதே நாட்களில் வடக்கிலிருந்து ஆறுமணிக்குருவி வந்து சேர்கிறது. இரவெல்லாம் பறந்த களைப்பில், சில சமயம் நகரத்துத் தோட்டங்களிலும் மாடி முற்றங்களிலும் கூட இறங்கிவிடும். காலை ஆறு, மாலை ஆறு மணியை ஒட்டி அது குரல் கொடுப்பதால் வந்த பெயர் அது. உங்கள் மரத்தடிச் சருகில் அது தத்திக்கொண்டிருந்தால், இருக்கும் இடத்திலிருந்தே ஒரு படம் எடுத்துக்கொண்டு விலகிவிடுங்கள். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. நெடும்பயணம் செய்து வந்த உயிரை ஏமாற்றி அலைக்கழிப்பது அது, ஒருபோதும் அதைச் செய்யாதீர்கள்.

கருவியைக் காப்பது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நான் இழந்ததும் இந்தப் பருவத்தில்தான். ஒரு கார்த்திகை முழுவதும் லென்ஸைத் தோல்பையோடு பீரோவில் பூட்டி வைத்திருந்தேன். தையில் எடுத்துப் பார்த்தபோது, கண்ணாடியின் உட்புறத்தில் சிலந்தி வலைபோலப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. ஈரத்தில் தோலும் துணியும் பூஞ்சணத்தை வளர்க்கும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்க வேண்டும்; அந்த மணிகள் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். ஏ.சி. அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே கொண்டுவந்தால் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும். பையை மூடியபடியே இருபது முப்பது நிமிடம் வெளியில் வைத்திருந்து, பிறகு திறங்கள். கடற்கரையில் எடுத்தால், வீடு திரும்பியதும் லேசாக ஈரமாக்கிய மெல்லிய துணியால் கேமராவின் மேற்புறத்தைத் துடைத்துவிடுங்கள். உப்பு மெதுவாகத்தான் தின்னும், ஆனால் நிற்காமல் தின்னும்.

வாதாம் மரத்துக்கு முன்பு என் நிலைப் படத்தில் இருந்தது ஒரு தூங்குமூஞ்சி. 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் கரையைக் கடந்தபோது, நகரெங்கும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அதுவும் சாய்ந்தது. மறுநாள் காலை அதே புள்ளியில் போய் நின்றேன். மரம் இருந்த இடத்தில் அவ்வளவு வானம். படமெடுக்க மனமில்லை, ஆனாலும் எடுத்தேன். இன்று அந்த வரிசையில் நான் அதிக நேரம் பார்ப்பது அந்தப் படத்தைத்தான். உங்கள் இடத்திலும் இப்படி நேரலாம். நேர்ந்தால் வரிசையை நிறுத்திவிடாதீர்கள், அடுத்த வாரமும் போய் நில்லுங்கள்.

பனிக்காலமும் பறவைகளும்

மார்கழி, தையில் மட்டும் நிலையான இடத்தை விட்டு ஒன்றிரண்டு நாள் வெளியே போகலாம். செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டியிருக்கும். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த பள்ளிக்கரணையில் தாழைக்கோழியும் நெடுங்கால் உள்ளானும் நிறைந்திருக்கும். பறவையைப் பறக்கும்போது எடுக்க, ஒளி கேமராவுக்குள் வரும் நேரமான ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதைவிடக் குறைவான நேரமோ இருக்க வேண்டும். வெள்ளைப் பறவைகளில்தான் பலரும் தவறுகிறார்கள். கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். இருண்ட நீரின் நடுவே சிறியதாக ஒரு கொக்கு நின்றால், நீரை வெளிச்சமாக்கப்போய்க் கொக்கை வெளுத்துவிடும். அப்போது எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவைக் குறையுங்கள். கொக்கே சட்டகத்தை நிறைத்தால் அது அழுக்குச் சாம்பலாகிவிடும், அப்போது கூட்டுங்கள்.

பள்ளிக்கரணையில் பறவைகளுக்குப் பின்னால் பெருங்குடிக் குப்பைமேடு தெரியும். நெடுநாள் வரை அதைச் சட்டகத்திலிருந்து விலக்கியே எடுத்துவந்தேன். இப்போது ஒவ்வொரு முறையும் அதையும் சேர்த்து ஒரு படமாவது எடுக்கிறேன். அந்த மேட்டைப் பார்த்தபடிதான் அந்த நாரை மீன் பிடிக்கிறது. அதை மறைத்த படம் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. போகிப் பண்டிகையன்று காலை சூரியன் கண் கூசாத சிவப்பு வட்டமாக எழும்போதும் எனக்கு இதே எண்ணம் வருகிறது. அந்தச் சிவப்பு அழகானது. அதில் பெரும்பங்கு நாம் எரித்த பொருட்களின் புகை. இரண்டையும் சேர்த்தே குறிப்பில் எழுதிவைக்கிறேன்.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் நம் கடற்கரைக்கு முட்டையிட வருகின்றன. வெளிச்சம் தாய் ஆமையைக் கலைக்கும், குஞ்சுகளைக் கடலுக்கு எதிர்த்திசையில் இழுக்கும். ஆகவே இரவு நடையில் கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவதுதான் சரி.

இலையும் பூவும்

மாசி, பங்குனியில் அரசமரம் இலை மாற்றுகிறது. புதுத்தளிர் செம்பு நிறத்தில், நீர்கோத்த பட்டுத்துணிபோல் தொங்கும். சூரியனுக்கு எதிர்ப்புறம் நின்று, ஒளி தளிருக்குள் புகுந்து நம்மை நோக்கி வருமாறு எடுங்கள். நரம்புகள் ஒவ்வொன்றும் தனித்துத் தெரியும். சூரியன் நேராக லென்ஸில் படாமல் ஒரு கிளையால் மறைத்துக்கொள்வது நல்லது. புங்கன் சில வாரங்களில் மொட்டையாகி மீண்டும் பளபளக்கும் பச்சைக்கு வந்துவிடும். இங்கே வாரம் ஒரு முறை போதாது, மூன்று நாளுக்கு ஒருமுறை போக வேண்டும். இதற்குள் குயில் கூவத் தொடங்கியிருக்கும்.

சித்திரையில் சரக்கொன்றையும், அதைத் தொடர்ந்து மயில்கொன்றையும், நடைபாதை முழுவதும் மஞ்சளை உதிர்க்கும் இயல்வாகையும் நகரை எடுத்துக்கொள்கின்றன. சரக்கொன்றையை எடுத்தால் இதழ்களெல்லாம் ஒரே மஞ்சள் பூச்சாகிவிடுகின்றன என்று பலர் வருந்துவார்கள். காரணம் எளிது. மஞ்சள் பூவில் சிவப்பு, பச்சை ஒளி மிகுதி. படத்தின் வெளிச்சத்தை இடப்புற இருட்டிலிருந்து வலப்புறப் பிரகாசம் வரை வரைபடமாகக் காட்டும் கேமராவின் பொதுவான ஹிஸ்டோகிராம் சரியாக இருப்பதுபோல் காட்டினாலும், அந்த நிறங்கள் தனியே எல்லை மீறியிருக்கும். மூன்று நிறங்களையும் பிரித்துக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து, எந்த நிறமும் வலப்புற ஓரத்தில் முட்டாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறையுங்கள். அக்கினி நட்சத்திர நாட்களில் காலை எட்டு மணிக்குள் வேலையை முடித்துவிடுங்கள்.

முதுவேனிலுக்குச் சொல்ல அதிகமில்லை. ஆடிக்காற்றில் கிளைகள் அசைவதைத் தடுக்க முடியாது, அதையே படமாக்கலாம். கேமராவை முக்காலியில் நிறுத்தி, பையை முக்காலியின் நடுவில் கனமாகத் தொங்கவிட்டு, அந்தி வெளிச்சத்தில் ஷட்டரை அரை நொடி திறந்து வைத்தால், அடிமரம் அசையாமல் நிற்க, இலைகள் பச்சை நீரோட்டமாகும். வாதாம் இரண்டாம் முறை சிவந்து உதிர்வதும் இந்தக் காலத்தில்தான்.

பதிவேடு

ஒவ்வொரு நிலைப் படத்துக்கும் தேதி, நேரம், தமிழ் மாதம் மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். கூடவே ஒரு சிறு நோட்டில், படத்தில் வராத ஒன்றை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்: கேட்ட ஒலி, வீசிய மணம், அருகில் வந்து நின்று பேசியவர் சொன்னது. கோப்புகளை இரண்டு இடங்களில் வையுங்கள். ஆண்டு முடிந்ததும் மாதத்துக்கு இரண்டு படங்களாகத் தேர்ந்து, தபால் அட்டை அளவில் அச்சிட்டு, தரையில் வரிசையாகப் பரப்பிப் பாருங்கள். திரையில் தள்ளித் தள்ளிப் பார்ப்பதால் இது கிடைக்காது. இருபத்து நான்கும் ஒரே பார்வையில் இருக்க வேண்டும்.

வாதாம் மரத்தின் முதல் ஆண்டுப் படங்களை நான் அப்படிப் பரப்பியபோது, ஆடி மாதப் படத்தில், இலை உதிர்ந்த இரண்டாம் கிளைப்பிரிவில் ஒரு காக்கைக் கூடு தெரிந்தது. சுள்ளிகளுக்கு நடுவே துருப்பிடித்த கட்டுக்கம்பி பின்னியிருந்தது. பின்னோக்கி ஒவ்வொரு படமாக எடுத்துப் பார்த்தேன். ஆனியில் அந்த இடம் இலைக்குள் இருட்டாக இருந்தது, வைகாசியிலும் அப்படியே. சித்திரை இரண்டாம் வாரப் படத்தில், சட்டகத்தின் இடது மூலையில், மின்கம்பத்துக்கு மேலே, வாயில் ஒரு முழ நீளக் கம்பியோடு அந்தக் காக்கை உட்கார்ந்திருந்தது.